ஒரு ஃபோட்டோ போதாது, இரண்டு வேணும்!
கடலிலும் ஏரியிலும் நுண்ணுயிர்கள் வளரும் வேகத்தை எப்படி அளக்கிறார்கள்?

(கல்லூரி மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதல்ல உங்க ஃபோனைக் கையில எடுங்க. சைலன்ட்ல போடச் சொல்லப் போறேன்னு நினைக்காதீங்க. கேலரியைத் திறந்து 2019 ஆகஸ்ட் மாதத்துக்குப் போங்க. சென்னைக்காரங்க யாராவது இருந்தா, நீல நிறத்தில் ஒளிரும் கடல் அலையின் வீடியோ ஒன்று உங்க ஃபோனில் இருக்கலாம். நீங்க எடுத்ததா இருக்கலாம், இல்லேன்னா யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதா இருக்கலாம்.

அப்போது நான் இதழியல் படித்துக்கொண்டிருந்தேன். நண்பர்களோடு ராத்திரி திருவான்மியூர் கடற்கரைக்கு ஓடினேன். அலை உடையும் இடத்தில் எல்லாம் நீல வெளிச்சம். காலை வைத்தால் காலடியிலும் வெளிச்சம். அதற்குக் காரணம் 'நாக்டிலூகா சின்டிலான்ஸ்' என்ற ஒற்றைச் செல் உயிரி. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உருண்டை. தண்ணீர் அசைந்தால் ஒளிரும். நான் வீடியோ எடுத்துப் போட்டேன், லைக் குவிந்தது. அத்தோடு மறந்தும் போனேன்.

அடுத்த மாதம் மன்னார் வளைகுடாவிலிருந்து வேறு படங்கள் வந்தன. மண்டபம் பக்கம் கடல் பச்சையாக மாறியிருந்தது. செத்த மீன்கள் கரை ஒதுங்கிக் கிடந்தன. அங்குள்ள மீனவர்கள் இதைப் பூங்கோரை என்பார்கள். அங்கே பெருகியதும் அதே நாக்டிலூகா இனம்தான். அளவுக்கு மீறிப் பெருகியபோது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தது. மீன்களோடு பவளப்பாறைகளும் பாதிக்கப்பட்டன. சென்னையில் நாங்கள் பார்த்ததுதான் நகர்ந்து அங்கே போனது என்று நான் சொல்லவில்லை. இனம் ஒன்று, இடம் வேறு.

இதை வகுப்பில் ஒரு செய்தியாக எழுதிக் கொடுத்தேன். எங்கள் பேராசிரியர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கடல் பச்சையாச்சுன்னு எழுதியிருக்கே, சரி. எத்தனை நாள்ல ஆச்சு?"

என்னிடம் பதில் இல்லை. என்னிடம் இருந்தது ஒரு நாளின் படம் மட்டும்தான். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். கடலிலும் ஏரியிலும் நுண்ணுயிர்கள் எவ்வளவு இருக்கின்றன என்பது ஒரு கேள்வி. எவ்வளவு வேகமாக வளர்கின்றன என்பது வேறு கேள்வி. இரண்டையும் நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

தட்டில் இருபது இட்லி

காலை எட்டு மணிக்கு ஒரு மெஸ்ஸுக்குள் போகிறீர்கள். தட்டில் இருபது இட்லி இருக்கிறது. ஒன்பது மணிக்குத் திரும்பவும் எட்டிப் பார்க்கிறீர்கள். அப்பவும் இருபதுதான். "ஒரு மணி நேரமா இங்கே வியாபாரமே இல்ல போல" என்று சொல்வீர்களா? சொல்ல முடியாது. உள்ளே ஈடு மேல ஈடு இறங்கிக்கொண்டிருக்கலாம். இறங்க இறங்க சாப்பிடுகிறவர்கள் காலி செய்துகொண்டிருக்கலாம். யாருமே வராமல், வைத்த இட்லி அப்படியே ஆறிப்போயும் கிடக்கலாம். தட்டை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

கடலும் அப்படித்தான். ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் சராசரியாகப் பத்து லட்சம் பாக்டீரியா இருக்கும். ஒரு டீஸ்பூன் தண்ணீரில் ஐம்பது லட்சம்! இன்றைக்கு எண்ணினாலும் அடுத்த வாரம் எண்ணினாலும் பெரும்பாலும் அதே அளவில்தான் இருக்கும். அதற்காக அவை வளராமல் சும்மா இருக்கின்றன என்று அர்த்தமில்லை. வளர வளர, அவற்றைவிடச் சற்றுப் பெரிய ஒற்றைச் செல் உயிரிகள் தின்றுவிடுகின்றன. வைரஸ்கள் ஒரு பங்கை அழித்துவிடுகின்றன.

எனவே தட்டில் எத்தனை இட்லி என்று எண்ணுவதோடு, மணிக்கு எத்தனை ஈடு இறங்குகிறது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். விஞ்ஞானிகள் இதற்காகப் பல பத்தாண்டுகள் பாடுபட்டிருக்கிறார்கள்.

எண்ணுவதே லேசான வேலை இல்லை

ரொம்ப காலம் எண்ணிக்கையே தவறாக இருந்தது. கடல்நீரில் ஒரு சொட்டு எடுத்து, ஊட்டச்சத்துக் கலந்த ஜெல்லி தட்டில் தடவி வைப்பார்கள். சில நாளில் புள்ளி புள்ளியாக பாக்டீரியா வளரும். அந்தப் புள்ளிகளை எண்ணுவார்கள். பிரச்சினை என்னவென்றால், கடலில் வாழும் பாக்டீரியாக்களில் நூற்றுக்கு ஒன்றுகூட அந்தத் தட்டில் வளர்வதில்லை. ஆய்வகச் சாப்பாடு அவற்றுக்குப் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

1977இல் ஹாபி என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு முறையை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்கள். தண்ணீரை மிக நுண்ணிய துளைகள் கொண்ட வடிகட்டியில் வடிக்க வேண்டும். துளையின் அளவு 0.2 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. பாக்டீரியாக்கள் மேலே தங்கிவிடும். செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு ஒளிரும் சாயத்தைச் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், இருட்டு வானத்தில் நட்சத்திரம் போலத் தெரியும். அப்புறம் எண்ண வேண்டியதுதான். முன்பு ஆயிரக்கணக்கில் தெரிந்தது இப்போது லட்சக்கணக்கில் தெரிந்தது.

அடுத்து, செல்களை ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளி வழியாக ஓடவிட்டு எண்ணும் கருவி கப்பலில் ஏறியது. அதை வைத்து சாலி சிஷோம் குழுவினர் 1988இல் 'புரோகுளோரோகாக்கஸ்' என்ற நுண்ணுயிரை உலகுக்கு அறிவித்தார்கள். உலகத்திலேயே அதிக எண்ணிக்கையில் இருக்கும் ஒளிச்சேர்க்கை உயிர் அதுதான். அவ்வளவு இருந்தும் 1980கள் வரை அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது.

சரி, எண்ணியாச்சு. வேகம்?

இரண்டு பாட்டில், ஒரு கணக்கு

வேகத்தை அளக்கும் பழைய முறை ஒன்று நீங்களும் நானும் புரிந்துகொள்ளக்கூடியது. 1927இல் நார்வேயின் கார்டர், கிரான் இருவரும் கடலில் செய்து காட்டியது. தண்ணீரை எடுத்து இரண்டு பாட்டில்களில் நிரப்ப வேண்டும். ஒன்று வெளிச்சம் புகும் கண்ணாடி பாட்டில். இன்னொன்று வெளிச்சமே புகாத கறுப்பு பாட்டில். இரண்டையும் கயிற்றில் கட்டி, தண்ணீர் எடுத்த அதே ஆழத்தில் தொங்கவிட வேண்டும்.

வெளிச்ச பாட்டிலில் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளிவிடும். உள்ளே இருக்கும் எல்லா உயிர்களும் சேர்ந்து சுவாசித்து ஆக்சிஜனைச் செலவும் செய்யும். கறுப்பு பாட்டிலில் வரவு கிடையாது, செலவு மட்டும்தான். உதாரணத்துக்கு, தொடங்கும்போது லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் வெளிச்ச பாட்டிலில் 10, கறுப்பு பாட்டிலில் 7. அப்படியானால் செலவு 1, செலவு போக மிச்சம் 2, மொத்த வரவு 3. மளிகைக் கடைக் கணக்கு மாதிரிதான்.

இந்த முறை ஏரிக்கு நன்றாகப் பொருந்தும். நடுக்கடலில் மாற்றம் ரொம்பச் சிறியது, அளவுகோலுக்குச் சிக்காது. 1952இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டீமன் நீல்சன் அதற்கு ஒரு வழி சொன்னார். நுண்பாசி வளர கார்பன் வேண்டும். பாட்டிலுக்குள் கதிரியக்கம் உள்ள கார்பனை மிகச் சிறிய அளவில் கலந்து விடுவோம். சில மணி நேரம் கழித்து வடிகட்டி, செல்லுக்குள் எவ்வளவு கதிரியக்கம் ஏறியிருக்கிறது என்று அளப்போம். எவ்வளவு ஏறியதோ, அந்த அளவுக்கு அது 'சாப்பிட்டு' வளர்ந்திருக்கிறது. உலகம் முழுக்க நடக்கும் ஒளிச்சேர்க்கையில் கிட்டத்தட்டப் பாதி, கண்ணுக்குத் தெரியாத இந்தக் கடல் உயிர்களால் நடக்கிறது என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது. அந்தக் கணக்குக்குப் பின்னால் இப்படி அளந்த ஆயிரக்கணக்கான பாட்டில்கள் இருக்கின்றன.

ஆனால் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை ஒளிச்சேர்க்கை செய்யாது. அவற்றை எப்படி அளப்பது? 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜெட் ஃபூர்மன், ஃபரூக் அசாம் இருவரும் வேறு கோணத்தில் யோசித்தார்கள். ஒரு செல் இரண்டாக வேண்டுமானால் தன் டி.என்.ஏ.வை இன்னொரு படி எடுத்தாக வேண்டும். அதற்கு 'தைமிடின்' என்ற மூலப்பொருள் தேவை. அடையாளம் இட்ட தைமிடினைக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பார்த்தால், எத்தனை புதுச் செல்கள் உருவாகின்றன என்று கணக்கிடலாம். மெஸ் சமையலறைக்குள் போகாமலே, எத்தனை படி மாவு செலவானது என்று கேட்டு இட்லிக் கணக்கு போடுகிற மாதிரி!

இன்னொரு முறையும் உண்டு. 1982இல் லாண்ட்ரி, ஹாசெட் இருவரும் சொன்னது. கடல்நீரில் ஒரு பங்கை உயிரே இல்லாதபடி வடிகட்டி, அதை மீதித் தண்ணீரோடு வெவ்வேறு விகிதத்தில் கலப்பார்கள். தண்ணீர் நீர்த்துப்போகும்போது, தின்பவையும் தின்னப்படுபவையும் ஒன்றையொன்று சந்திப்பது குறையும். ஒரு நாள் கழித்து எந்த பாட்டிலில் எவ்வளவு பெருகியிருக்கிறது என்று ஒப்பிட்டால், வளர்ச்சி எவ்வளவு, தின்னப்பட்டது எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்துவிடலாம். மெஸ்ஸில் ஆட்களைக் குறைத்துப் பாருங்க, எத்தனை ஈடு இறங்குதுன்னு தட்டே சொல்லிடும்.

இப்படி அளந்தபோது என்ன தெரிந்தது? ஆய்வகத்தில் சத்தான கரைசலில் ஈ.கோலை பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரண்டாகிவிடும். ஆனால் கடலில் பல பாக்டீரியாக்கள் இரண்டாவதற்கு ஒரு நாள் முதல் சில நாட்கள் வரை எடுத்துக்கொள்கின்றன. புரோகுளோரோகாக்கஸ் ஏறக்குறைய நாளுக்கு ஒருமுறை பிரிகிறது.

பத்து நாள் கணக்கு

"நாளுக்கு ஒருமுறைதானே, மெதுவாத்தானே போகுது" என்று தோன்றலாம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். இன்றைக்கு ஒரு மில்லிலிட்டரில் 1,000 செல். தினமும் இரட்டிப்பாகிறது. தின்பவை எதுவும் இல்லை. ஐந்தாம் நாள் 32,000. இன்னும் தண்ணீர் தெளிவாகத்தான் தெரியும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். பத்தாம் நாள் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். அதுவே இரண்டு நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பானால், அந்த அளவைத் தொட இருபது நாள் ஆகும்.

இரண்டு ஏரியிலும் முதல் நாள் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் நடவடிக்கை எடுக்க ஓர் ஊருக்குப் பத்து நாள் இருக்கிறது, இன்னொரு ஊருக்கு இருபது நாள் இருக்கிறது. எண்ணிக்கை இன்றைய நிலையைச் சொல்லும். நம்மிடம் எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்பதை வேகம்தான் சொல்லும்.

குடிநீர் விஷயத்தில் இது விளையாட்டு இல்லை. அமெரிக்காவின் டொலீடோ நகரம் ஈரி ஏரியிலிருந்து குடிநீர் எடுக்கிறது. வயல்களில் போடும் உரம் ஆற்றோடு வந்து அந்த ஏரியில் சேர்கிறது. அதைத் தின்று, கோடை முடியும் சமயத்தில் 'மைக்ரோசிஸ்டிஸ்' என்ற நீலப்பச்சைப் பாசி பெருகுகிறது. 2014 ஆகஸ்ட் 2 அதிகாலையில், சுத்திகரித்த குழாய்த் தண்ணீரிலேயே அதன் நச்சு இருப்பது தெரிந்தது. சுமார் ஐந்து லட்சம் பேருக்கு அறிவிப்பு போனது: குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள். ஆகஸ்ட் 4 அன்றுதான் தடை நீங்கியது.

"கொதிக்க வைக்காதீங்க" என்பதைக் கவனிங்க. நம்ம வீட்டில் தண்ணீர் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் முதலில் செய்வது அதைத்தானே? கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஆனால் பாசியின் இந்த நச்சு அழியாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் நச்சின் அடர்த்தி கூடத்தான் செய்யும். குடிநீரில் இந்த நச்சு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். இன்றைக்கு அந்த ஏரியில் மிதவைகளில் கருவிகளை வைத்துப் பாசியின் நிறமியைத் தொடர்ந்து அளக்கிறார்கள். பாசிப் பருவத்தில் வானிலை அறிக்கை போலப் பாசி அறிக்கையும் வெளியாகிறது.

வானத்திலிருந்து ஒரு கண்

நம் கடல் ரொம்பப் பெரியது. பாட்டிலைத் தொங்கவிட்டு எத்தனை இடத்தில் அளக்க முடியும்? அதனால்தான் செயற்கைக்கோள். நுண்பாசியில் இருக்கும் பச்சையம் கடலின் நிறத்தை மாற்றும். அந்த நிறத்தை மேலிருந்து அளக்கலாம். இந்தியா 1999இல் ஓஷன்சாட்-1, 2009இல் ஓஷன்சாட்-2, 2022 நவம்பரில் இ.ஓ.எஸ்-06 என்று தொடர்ந்து இதற்காகச் செயற்கைக்கோள்களை அனுப்பியிருக்கிறது.

அந்தத் தகவல் ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையத்துக்கு, அதாவது இன்காய்ஸுக்கு வருகிறது. கடலின் பச்சையத்தையும் மேற்பரப்பு வெப்பநிலையையும் சேர்த்துப் பார்த்து, மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை அந்த மையம் தமிழிலும் அறிவிக்கிறது. பாசி இருந்தால் அதைத் தின்னும் சிறு உயிர்கள் வரும். அவற்றைத் தேடி மீன் வரும். மீன்பிடித் தடைக்காலத்திலும் கடல் கொந்தளிப்பாக இருக்கும்போதும் இந்த அறிவிப்பு வராது. பாசி அளவுமீறிப் பெருகுகிறதா என்பதற்கும் தனியாக ஒரு தகவல் சேவையை இன்காய்ஸ் நடத்துகிறது. அது கவனித்துவரும் இடங்களில் நம் மன்னார் வளைகுடாவும் ஒன்று.

ஆனால் செயற்கைக்கோளும் ஒரு நாள் எடுக்கும் படம் தட்டைத்தான் காட்டும். மேகம் மூடினால் அதுவும் தெரியாது. மேற்பரப்புக்குக் கீழே ஆழத்தில் நடப்பதும் தெரியாது. அடுத்தடுத்த நாள் படங்களை ஒப்பிட்டு, வெளிச்சம், வெப்பநிலை, கடலில் இறங்கி அளந்த கணக்கு எல்லாவற்றையும் சேர்த்தால்தான் வேகம் பிடிபடும்.

உங்கள் ஃபோன் என்ன செய்யும்?

இப்போ நம்ம ஊர் ஏரிக்கு வருவோம். உங்களிடம் நுண்ணோக்கி இல்லை, லேசர் கருவி இல்லை. ஆனால் தேதியும் நேரமும் பதிவாகும் கேமரா இருக்கிறது.

கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியில் கொச்சி ஆய்வாளர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். கைக்கு அடக்கமான ஒரு வட்டத் தட்டை மாணவர்களிடமும் ஊர்மக்களிடமும் கொடுத்தார்கள். தட்டைத் தண்ணீருக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணிலிருந்து மறைகிறது என்று பார்த்து, அதை ஃபோன் செயலியில் பதிவு செய்ய வேண்டும். தண்ணீர் கலங்கக் கலங்கத் தட்டு சீக்கிரமே மறையும். இத்தாலியில் பாதிரியாராக இருந்த வானியலாளர் செக்கி 1865இல் தொடங்கிவைத்த முறை இது. மண் கலங்கினாலும் தட்டு மறையும் என்பதால், பாசியை இது ஒன்றே காட்டிக்கொடுத்துவிடாது. ஆனால் பலர், பல இடத்தில், பல நாள் அளந்தால் ஏரியின் போக்கு தெரியும்.

அந்தத் தட்டு இல்லாமலும் தொடங்கலாம். உங்கள் ஊர் ஏரியோ குளமோ பச்சையாக மாறத் தொடங்கினால்:

ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், ஒரே நேரத்தில் தினமும் ஒரு ஃபோட்டோ எடுங்கள். படித்துறை, மதகு, கம்பம் என்று ஏதாவது ஓர் அடையாளம் படத்தில் இருக்கட்டும். காற்றடித்தால் பாசி ஒரு கரையில் ஒதுங்கும், அதனால் முடிந்தால் எதிர்க்கரையிலும் ஒன்று எடுங்கள்.

ஒரு நீளமான குச்சியால் தொட்டுப் பாருங்கள், கையால் வேண்டாம். பெயின்ட் பூசியது போலக் குச்சியில் ஒட்டினால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். நூல் நூலாகத் தூக்கிக்கொண்டு வந்தால், அல்லது குட்டி இலைகளாக இருந்தால், வேறு வகை. இது உறுதியான பரிசோதனை இல்லை, முதல் அறிகுறி மட்டும்தான்.

பெயின்ட் போல ஒட்டினால் அந்தத் தண்ணீரில் குழந்தைகளைக் குளிக்க விடாதீர்கள். ஆடு மாடுகளைக் குடிக்க விடாதீர்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள்.

தேதியோடு கூடிய படங்களை ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ கொடுங்கள். முதல்வரின் முகவரி உதவி எண் 1100இலும் கோரிக்கையைப் பதிவு செய்யலாம். "எங்க ஏரி பச்சையா இருக்கு" என்று சொல்வதைவிட, "ஐந்து நாளுக்கு முன்னாடி படித்துறை வரைக்கும்தான் இருந்தது, இன்றைக்குப் பாதி ஏரி" என்று சொன்னால் எவ்வளவு அவசரம் என்பது அதிகாரிக்கு உடனே புரியும். தண்ணீர் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. எப்போது அனுப்ப வேண்டும் என்பதற்கு உங்கள் படங்கள் கைகொடுக்கும்.

என் பழைய ஃபோனில் அந்த நீல அலை வீடியோ இன்னும் இருக்கிறது. ஒரே ஒரு ராத்திரி, நாற்பது விநாடி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தின நாள் கடல் எப்படி இருந்தது, மறுநாள் எப்படி இருந்தது என்று என்னிடம் ஒரு படம்கூட இல்லை. பேராசிரியர் கேட்ட கேள்விக்கு அந்த வீடியோவை வைத்து இன்றைக்கும் என்னால் பதில் சொல்ல முடியாது.

நீங்க அப்படி மாட்டிக்காதீங்க. இன்னிக்கு ஒண்ணு எடுங்க. நாளைக்கும் போய் இன்னொண்ணு எடுங்க.